மருத்துவத்தில் சமூகநீதி டாக்டர் சீட்டோடு முடிவதில்லை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. வழக்கம்போல் தொலைக்காட்சிகளில் நீட் பற்றிப் பேசுகிறார்கள். பேசத்தான் வேண்டும். 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பர் 1ஆம் தேதி இழந்தோம். அந்த மரணத்துக்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. நீட் எதிர்ப்பில் நாம் ஓர் அடிகூடப் பின்வாங்கப் போவதில்லை.

ஆனால் இதே நாட்களில் நம் காலனிகளில் நடக்கும் இன்னொன்றைப் பற்றி யாரும் விவாதம் நடத்துவதில்லை. உயிரியல் பிரிவு எடுத்துப் படித்த நம் பிள்ளைகளில் எம்.பி.பி.எஸ். போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? ஒரு பகுதியினர் அருகிலுள்ள கலைக் கல்லூரிக்குப் போகிறார்கள். இன்னொரு பகுதியினர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடையின் மாடியில், ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று ஃப்ளெக்ஸ் கட்டிய பாராமெடிக்கல் நிறுவனத்துக்குப் போகிறார்கள். அம்மாவின் மகளிர் குழுக் கடன் அங்கே முதல் தவணைக் கட்டணமாகிறது.

இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறோம். நர்சிங், மருந்தியல் டிப்ளமோ, ஆய்வக நுட்பம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கத் தொழில்நுட்பம் ஆகிய படிப்புகளைத் தோற்றவர்களுக்கான ஆறுதல் பரிசாக நம் தோழர்களே பார்க்கிறார்கள். ஆகவே அங்கே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. கேட்காத இடத்தில் தரகர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மேலிருந்து கீழே

எந்த அரசு மருத்துவமனைக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மேலே மருத்துவர்கள். அடுத்து செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் டெக்னீஷியன். அதற்கும் கீழே துப்புரவுப் பணியாளர், பிணவறை உதவியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர். கீழே போகப் போக யார் இருக்கிறார்கள் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரத்தமும் மலமும் பிணமும் கையாளும் வேலைக்கு யாரும் நம்மிடம் சான்றிதழ் கேட்டதில்லை, சாதிதான் சான்றிதழ். சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் விளக்கியதை ஒரு வார்டில் பத்து நிமிடம் நின்றால் நேரில் பார்த்துவிடலாம்.

அந்த நடுப்படிதான் நமக்கு முக்கியம். வார்டைக் கழுவும் அம்மாவின் மகள் அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்திடும் ஆய்வக நுட்புநராக வருவது சின்ன விஷயம் இல்லை. ஒரு குடும்பத்தின் சம்பளம் மாறுகிறது. அதைவிட முக்கியமாக, ‘இந்த வேலை இவர்களுக்கு’ என்ற விதி ஓரிடத்தில் உடைகிறது. மருத்துவரை விட அதிக நேரம் நோயாளியோடு இருப்பவர்கள் செவிலியர்களும் டெக்னீஷியன்களும்தான். ஊசி போடுகிறவர், மருந்து கொடுக்கிறவர், ஸ்கேனுக்குப் படுக்க வைக்கிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் நம் மக்களுக்கு அங்கே மரியாதை கிடைக்கிறது, அல்லது கிடைக்காமல் போகிறது. சுகாதாரத்தில் பிரதிநிதித்துவம் என்று நாம் சொல்வது இவர்களையும் சேர்த்துத்தான்.

‘இது குலக்கல்விதானே?’

மாணவர் கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டுத் தொழில் என்றது. தமிழகம் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலை நிபந்தனையாக வைத்தபோதும் நாம் எதிர்த்தோம். ‘தொழிற்கல்வி’ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு எச்சரிக்கை வருவதில் தவறே இல்லை.

ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. குலக்கல்வி அப்பன் தொழிலை மகனுக்குக் கட்டிவைத்தது. நாம் பேசும் படிப்புகளோ தீட்டின் பெயரால் நமக்கு மூடி வைக்கப்பட்ட அறிவு. அப்பாவின் தொழிலிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவரும் கல்வியையும், அதிலேயே பூட்டும் கல்வியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நன்றாகப் படிக்கும் நம் பெண்ணிடம் ‘உனக்கு எதுக்கும்மா டாக்டர் கனவு, ஏ.என்.எம். படிச்சா போதாதா?’ என்று பள்ளியிலேயே சொல்கிறார்களே, அதுதான் ஆபத்து. அதே மதிப்பெண் எடுத்த மற்ற வீட்டுப் பிள்ளைக்கு அந்த யோசனை சொல்லப்படுவதில்லை. தானே விரும்பி நர்சிங் எடுப்பது வேறு, மற்ற கதவுகளை எல்லாம் சாத்திவிட்டு நர்சிங்கைக் காட்டுவது வேறு. முதலாவதை ஆதரிப்போம், இரண்டாவதை எதிர்ப்போம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய நம்மால் முடியும்.

தொட்டால் தீட்டு, சம்பளம் வந்தால் மதிப்பு

இந்தத் தொழில்களின் வரலாறும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரசவம் பார்ப்பது, தொப்புள்கொடி அறுப்பது எல்லாம் இந்தியா முழுக்கத் தீட்டு வேலையாகத்தான் இருந்தது. வட இந்தியாவில் தாய் என்று அழைக்கப்பட்ட மருத்துவச்சிகளில் தலித் பெண்கள் ஏராளம். தமிழகத்தில் நாவிதர் சமூகத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவந்த கையைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தி நெல் கொடுத்து அனுப்பிய சமூகம் இது.

நவீன நர்சிங் வந்தபோதும் இதே கதைதான். அந்நிய உடலைத் தொடுவது, கழிவை எடுப்பது, இரவில் வேலை பார்ப்பது என்று சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்ப மறுத்தன. மிஷன் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற இந்தியப் பெண்களில் பெரும்பகுதி கிறிஸ்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து மதம் மாறிய குடும்பத்துப் பெண்கள் அவர்களில் பலர். 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. பிறகு அரசு வேலை, வளைகுடா, ஐரோப்பா என்று வழி திறந்ததும் எல்லோரும் வந்தார்கள். வரட்டும், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் மதிப்பில்லாத காலத்தில் நம் பெண்கள் சுமந்த வேலையில், மதிப்பு வந்த பிறகு கட்டணத்தாலும் மதிப்பெண்ணாலும் நம் பெண்களையே வெளியே நிறுத்தினால் அதைக் கேள்வி கேட்க வேண்டும்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கொஞ்சம் நடைமுறைக்கு வருவோம். ஒரு படிப்பில் சேர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பை அங்கீகரிப்பது யார்? தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவது யார்? முடித்தபின் எந்த மன்றத்தில் பதிவு செய்ய முடியும்?

நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த படிப்புகள் தெளிவாக இருக்கின்றன: இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ, நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். முடித்தவர்கள் மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். ‘ஓராண்டு நர்சிங் டிப்ளமோ’ என்று எதையாவது விற்றால் அதை முடித்தவர் செவிலியர் ஆக முடியாது. மருந்தாளுநர் என்றால் 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின்கீழ் இந்திய மருந்தியல் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் டி.பார்ம். அல்லது பி.பார்ம். படித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், மயக்கவியல், அறுவை அரங்கம் போன்றவற்றுக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே பட்டய, சான்றிதழ் படிப்புகள் உண்டு. பட்டப்படிப்புகளை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கும் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது, 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம்.

இந்த ஒரு பத்தியில் இருக்கும் தகவல் நம் கிராமங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஃப்ளெக்ஸ் மட்டும் சேர்ந்துவிடுகிறது. களப்பணியில் நாங்கள் சந்தித்த ஒரு பெண் இரண்டு ஆண்டுகள் படித்து, எண்பதாயிரம் ரூபாய் கட்டி, ஓர் அறக்கட்டளையின் முத்திரை குத்திய சான்றிதழோடு நின்றார். ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று அதில் அச்சிட்டிருந்தது. அறக்கட்டளையைப் பதிவு செய்ததுதான் அந்தப் பதிவு, படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செவிலியர் செய்யும் எல்லா வேலையும் செய்கிறார். சம்பளப் பட்டியலில் ‘உதவியாளர்’. தவறு நடந்தால் பழி அவர் மேல், சம்பளம் உயர வேண்டுமென்றால் ‘உன்கிட்ட ரிஜிஸ்ட்ரேஷன் இல்லையே’ என்று பதில். தகுதியில்லாதவர்கள் என்று நம்மைச் சொல்லும் சமூகம்தான் தகுதி தராத சான்றிதழை நமக்கு விற்கவும் செய்கிறது.

கட்டணம் என்னும் சாதி

அடுத்தது பணம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்பது யாரும் போடும் பிச்சை இல்லை, நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமை. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறிஸ்தவராக மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கு, அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். மதம் மாறிய தலித்துகளை 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியலுக்கு வெளியே வைத்திருப்பதால் சேர்க்கையில் அவர்களுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடைக்காது என்பது தனிப் போராட்டம். கட்டணத்திலாவது இந்த வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் காகிதத்தில் இருப்பது கல்லூரி அலுவலகத்தில் இருப்பதில்லை. ‘ஸ்காலர்ஷிப் வரும்போது திருப்பித் தருகிறோம், முதலில் கட்டு’ என்கிறார்கள். இப்போது ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. அது தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் கல்லூரிக்கு மாணவர் கடனாளி. ஹால் டிக்கெட் நிறுத்தப்படுகிறது, வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்படுகிறார். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவித்தொகையே கிடையாது. தரகர் இதைச் சொல்ல மாட்டார். கலந்தாய்வுக்குப் போகாமல் தரகர் வழியாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் ஆண்டு முடிவில்தான் தெரிகிறது.

படிப்பை விட நினைத்தால் அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தனியாகப் போய்க் கெஞ்ச வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், இரண்டு பேரை உடன் அழைத்துப் போங்கள், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு நகல் அனுப்புங்கள்.

இன்னொரு செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. துணை மருத்துவப் பட்டப்படிப்புகளில் பயிற்சிக் காலம் ஓராண்டு. பல இடங்களில் அந்த ஆண்டு முழுக்கச் சம்பளமில்லாமல் நம் பிள்ளைகள் ஷிப்ட் பார்க்கிறார்கள். வீட்டில் பணம் இருப்பவர்களுக்கு அது பயிற்சி, கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அது பட்டினி. பயிற்சி மருத்துவருக்கு ஊக்கத்தொகை உண்டென்றால் அதே வார்டில் இரவு விழிக்கும் பயிற்சி டெக்னீஷியனுக்கு ஏன் கூடாது? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருவது உதவிதான், ஆனால் அது ஒரு மாதப் பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போதாது.

படித்த பிறகு?

வேலை என்று வரும்போதுதான் பெரிய திருட்டு நடக்கிறது. இடஒதுக்கீடு நிரந்தரப் பணியிடங்களில்தான் உயிரோடு இருக்கிறது. பணியிடத்தையே தற்காலிகமாக்கிவிட்டால் இடஒதுக்கீட்டைச் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அமர்ந்தார்கள். கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்த ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் இறுதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்சி மாறியது, ஒப்பந்த முறை மாறவில்லை.

துப்புரவுப் பணி ஏற்கெனவே தனியார் நிறுவனங்களிடம் போய்விட்டது. இப்போது ஆய்வகம், ஸ்கேன், டயாலிசிஸ் என்று நடுப்படியும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது. ஏஜென்சி ஆள் எடுக்கும்போது எந்த ரோஸ்டர்? யார் கேட்பது? 45 நாட்களுக்கு மேல் நீடிக்கும் தற்காலிக நியமனங்களில் இடஒதுக்கீடு உண்டு என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அது ஒன்றிய அரசுத் துறைகளுக்கான விதி. அதே அளவுகோலை மாநிலத்தின் தேசிய சுகாதாரத் திட்டப் பணியிடங்களிலும் அவுட்சோர்சிங் ஒப்பந்தங்களிலும் எழுதச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

புதிய சட்டம், பழைய பொறி

2021இல் நாடாளுமன்றம் தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. செவிலியர், மருந்தாளுநர் அல்லாத ஆய்வக நுட்புநர், எக்ஸ்ரே டெக்னீஷியன், இயன்முறை மருத்துவர் போன்றவர்களுக்கு இதுதான் முதல் முழுமையான சட்டம். பட்டயம் அல்லது பட்டம் பெற்ற துணை மருத்துவப் பணியாளர் என்றால் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. சுகாதாரத் தொழில்முறையாளர் என்றால் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்த பட்டம். பதிவு கட்டாயம்.

மாடிக் கடைகளை மூட இந்தச் சட்டம் உதவும் என்றால் வரவேற்போம். ஆனால் இரண்டு விஷயங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். ஒன்று, ஓராண்டுச் சான்றிதழ் படித்து இன்று வேலையில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? அரசு மருத்துவக் கல்லூரியிலேயே ஓராண்டுப் படிப்பு முடித்தவர்கள் இருக்கிறார்கள். நாளை அவர்களைத் தகுதியற்றவர்கள் என்று சொல்லித் தெருவில் விடக் கூடாது. வேலை பார்த்துக்கொண்டே முடிக்கும் இணைப்புப் படிப்பு வேண்டும், அதன் செலவை அரசு ஏற்க வேண்டும். இரண்டு, பட்டயம் வரைக்கும் பொது நுழைவுத் தேர்வும் பொதுக் கலந்தாய்வும் நடத்த வழி செய்வதை ஆணையத்தின் பணிகளில் ஒன்றாக இந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. நீட் டாக்டர் சீட்டோடு நிற்கும் என்று நினைத்தவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை வாசிக்க வேண்டும். ப்ளஸ் டூ மதிப்பெண்ணை நம்பி வரும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு லேப் டெக்னீஷியன் ஆகவும் கோச்சிங் சென்டர் வாசலில் நிற்க வேண்டிய நாள் வந்தால், நம் எதிர்ப்பு தாமதமாகிவிட்டது என்று பொருள்.

நாம் என்ன செய்யலாம்

அரசிடம் நம் கோரிக்கைகள் எளிமையானவை. ஒவ்வொரு ஆண்டும் துணை மருத்துவப் படிப்புகளில் எந்தப் பிரிவினருக்கு எத்தனை இடம், எத்தனை நிரம்பியது என்று கல்லூரிவாரியாக வெளியிட வேண்டும். அரசு நர்சிங், பாராமெடிக்கல் இடங்களைப் பின்தங்கிய மாவட்டங்களில் கூட்ட வேண்டும். பயிற்சிக் காலத்துக்கு ஊக்கத்தொகை வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கவும், டி.பார்ம். முடித்தவர் நேரடியாக பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருப்பதுபோல் எல்லா டிப்ளமோக்களுக்கும் மேலே போகும் வழி வேண்டும். மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்காக வேலை பார்க்கும் துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்புகளில் தனி முன்னுரிமை வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவு படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். கலந்தாய்வு விண்ணப்பம் தொடங்கும் நாளில் இரவுப் பாடசாலையில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் தயாரா என்று பாருங்கள். இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்களுக்குச் சான்றிதழ் வாங்கவே மாதங்கள் ஆகும், அவர்களிடம் முதலில் போங்கள். நம்மில் ஏற்கெனவே செவிலியராகவும் டெக்னீஷியனாகவும் இருக்கும் அக்கா, அண்ணன்களை அழைத்துவந்து பேச வையுங்கள். முதல் ஆண்டு உடற்கூறியல் ஆங்கிலத்தில் வந்து பயமுறுத்தும்போது ‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு’ என்று அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை படிப்பை நிறுத்தாமல் காப்பாற்றும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட அதிக நேரம் ஆகாது. உங்கள் மாவட்ட அரசுக் கல்லூரியில் பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடி இடங்கள் எத்தனை நிரம்பின என்று கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், சேர்த்து வைத்து மாவட்டவாரியாக இங்கே வெளியிடுவோம்.

டாக்டர் சீட்டுக்கான போராட்டம் தொடரும். அதோடு செவிலியர் அறை, ஆய்வகம், மருந்தகம், டயாலிசிஸ் வார்டு ஆகிய ஒவ்வொரு கதவையும் எண்ண வேண்டிய நேரம் இது. இந்த வாரம் உங்கள் தெருவில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை ஒருவரைப் பாருங்கள். எங்கே சேரப் போகிறார் என்று கேளுங்கள், அந்த நிறுவனத்தின் பெயரை வாங்கி, மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். முதல் தவணை கட்டுவதற்கு முன் கேட்டுவிட்டால் ஒரு குடும்பம் கடனில் விழாது.

ஜெய்பீம்.